கவசத்தின் அடியில்: ஜவ்வாது மலையும் விண்கதிர்களை அளந்த வரலாறும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மேலேறும் சாலை காவலூரைத் தொடுகிறது. சாமையும் புளியும் தேனும் கிடைக்கும் மலை. மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள் சிதறிக் கிடக்கும் மலை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் 1968 முதல் தொலைநோக்கிகள் இயங்கி வருகின்றன. அங்கே வானத்திலிருந்து இறங்குபவை இரண்டு வகை. ஒன்று விண்மீன்களின் ஒளி. அதைப் பிடிக்கத்தான் நிலையம் கட்டப்பட்டது. மற்றொன்று யாரும் அழைக்காமல் வருவது: விண்கதிர்கள் எனப்படும், மின்னூட்டம் கொண்ட அணுத்துகள்களின் ஓயாத மழை. கடல்மட்டத்தில் விரித்த உள்ளங்கை ஒன்றின் வழியே மியூவான்கள் என்ற அத்தகைய துகள்கள் நொடிக்கு ஒன்றிரண்டு ஊடுருவிப் போகின்றன. நிலவுக்கோ செவ்வாய்க்கோ மனிதர்களை அனுப்பும்போது பெரும் தலைவலியாக நிற்பது இந்த இரண்டாவது வகைதான்.

தரையில் இருப்பவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லாததற்கு இரண்டு கவசங்கள் காரணம். முதலாவது காற்று. கடல்மட்டத்தில் ஒருவரின் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை, பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். உதகமண்டலத்தின் உயரத்தில் அது எட்டு மீட்டராகக் குறைகிறது. செவ்வாயின் தரையில் நிற்பவருக்குக் கிடைப்பது சுமார் இருபது சென்டிமீட்டர் தண்ணீருக்கு நிகரான காற்று. நிலவில் அதுவும் கிடையாது.

இரண்டாவது கவசம் பூமியின் காந்தப்புலம். அது எல்லா இடத்திலும் ஒரே பலத்தில் இல்லை. துருவங்களில் காந்தக் கோடுகள் செங்குத்தாக இறங்குவதால் குறைந்த ஆற்றலுள்ள துகளும் அவற்றின் வழியே வழுக்கிக்கொண்டு தரையை நெருங்கிவிடும். காந்த நடுவரையில் கோடுகள் கிடையாக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே கிழித்து வருவதற்குத் துகளுக்குப் பெரும் ஆற்றல் வேண்டும். காந்த நடுவரை தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தமிழகத்தின் மேல் செங்குத்தாக இறங்க விரும்பும் ஒரு புரோட்டானுக்குச் சுமார் 17 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது தேவை. இவ்வளவு உயர்ந்த வாசல் உலகில் சில இடங்களுக்கே உண்டு. ஜவ்வாது, பழனி, நீலகிரி மலைகள் எல்லாம் இந்தத் தடித்த கவசத்துக்கு அடியில்தான் இருக்கின்றன. கதிர்வீச்சு மிகக் குறைவாக வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கதிர்வீச்சை அளக்கப் புறப்பட்டது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கவசம் எவ்வளவு தடுக்கிறது, எப்போது தளர்கிறது என்பதை அறிய அதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்த வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் விண்வெளிப் பயணம் இல்லை, பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசாங்க வட்டாரத்தில் வலுத்தது. சூரியனை நாள்தோறும் கவனிக்க உயர்ந்த இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவு, 1899இல் கொடைக்கானலில் தொடங்கிய சூரிய ஆய்வகம். 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கி வந்த சென்னை வானாய்வகத்தின் பணி மலைக்கு மாறியது. மிக்கி ஸ்மித் முதல் இயக்குநரானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே சூரியனை அன்றாடம் படமெடுக்கும் வழக்கம் அங்கே தொடங்கிவிட்டது. வெள்ளொளியில் ஒரு படம். கால்சியம் அணு உமிழும் ‘கே’ கோட்டின் ஊதா ஒளியில் இன்னொரு படம்.

மழைக்கும் கரும்புள்ளிக்கும் எதிர்பார்த்த எளிய கணக்கு அகப்படவில்லை. ஆனால் கண்ணாடித் தகடுகள் அலமாரிகளில் சேர்ந்துகொண்டே போயின. காந்தப்புலம் முறுக்கேறிய இடங்களில் ‘கே’ கோடு பிரகாசமாகத் தெரியும். எனவே அந்தத் தகடுகள் நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியக் காந்தச் செயல்பாட்டின் பதிவேடாக மாறிவிட்டன. 1907இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார்; அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பஞ்சத்துக்காகத் தொடங்கிய பதிவேடு, சூரியன் எப்போது சீறும் என்று கணிக்க முயல்வோருக்கு இன்று கைகொடுக்கிறது. அரசாங்கக் குழுக்களின் பரிந்துரைகளில் இவ்வளவு நீண்ட பலன் தந்தவை அதிகம் இருக்காது.

துகள்களின் கதை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, உயரம் கூடக் கூட கதிர்வீச்சும் கூடுவதைக் காட்டினார். அதுவரை அது பாறைகளிலிருந்து கசிவது என்றே பலரும் நம்பினர். 1920களின் பிற்பகுதியில் டச்சு இயற்பியலாளர் யாகோப் கிளே, ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும்போது அளவுக்கருவியைக் கூடவே கொண்டுபோனார். நடுவரைப் பக்கம் அளவு குறைந்தது. பூமியின் காந்தம் இந்தக் கதிர்களைத் திருப்புகிறது என்றால் அவற்றுக்கு மின்னூட்டம் இருந்தாக வேண்டும். விண்கதிர்கள் ஒளியின் வகைதான் என்று பிடிவாதமாக இருந்தவர் அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன். துகள்களே என்றவர் ஆர்தர் காம்ப்டன். உலகெங்கும் நடந்த அளவைகள் காம்ப்டன் பக்கம் சாய்ந்தன.

தோற்ற பின்னும் மில்லிகன் அளப்பதை நிறுத்தவில்லை. 1939இன் இறுதியில் விக்டர் நேஹர், வில்லியம் பிக்கரிங் என்ற இரு இளம் சகாக்களுடன் இந்தியா வந்தார். இந்திய வானிலைத் துறையின் ஒத்துழைப்புடன் ஆக்ரா, பெஷாவர், பெங்களூரு ஆகிய இடங்களிலிருந்து கெய்கர் எண்ணிகளைச் சுமந்த பலூன்கள் பறந்தன. பெங்களூரு வேண்டியிருந்தது காந்த நடுவரைக்கு அருகில் இருந்ததால்தான். ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் பெங்களூரு மேற்கே கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அந்தப் பலூன்கள் பறந்ததும் காவலூர் இன்று இருப்பதும் ஏறக்குறைய ஒரே காந்தக் கவசத்தின் கீழ்தான்.

அந்த மூவரில் பிக்கரிங்கைக் கொஞ்சம் பின்தொடர்வது பயன் தரும். பின்னாளில் அவர் கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்கு இயக்குநரானார். 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1 அவரது ஆய்வகம் செய்தது. உள்ளே இருந்தது ஜேம்ஸ் வான் ஆலனின் கெய்கர் எண்ணி, அதாவது பெங்களூரில் பலூனில் பறந்த அதே வகைக் கருவி. உயரமான இடங்களில் அது பூஜ்யம் காட்டியது. கருவி பழுதில்லை. எண்ண முடியாத அளவுக்குத் துகள்கள் மொய்த்ததால் எண்ணி திணறி நின்றுவிட்டது என்பது பின்னர் தெரிந்தது. பூமியின் காந்தப்புலம் துகள்களைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகள் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. தரைக்குக் கவசமாக நிற்கும் காந்தம், அதற்குச் சற்று மேலே பயணிக்கு ஆபத்தான வளையமாகிவிடுகிறது.

இதற்கிடையில் தென்னிந்தியாவில் உள்ளூர் முயற்சி வேர்பிடித்தது. போர் காரணமாக இங்கிலாந்துக்குத் திரும்ப முடியாமல்போன ஹோமி பாபா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விண்கதிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். போர்க்காலத்தில் பெங்களூரில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்க விமானப் படையின் விமானங்களிலும் அவரது கருவிகள் மேலேறின. அதே கழகத்தில் ராமனிடம் விண்கதிர் ஆராய்ந்த விக்ரம் சாராபாய், 1947இல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவினார். அவரது குழு அகமதாபாத், கொடைக்கானல், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் எண்ணிகளை வைத்து, விண்கதிர் அளவு நாளின் எந்த நேரத்தில் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. அந்த ஏற்ற இறக்கத்தில் சூரியனின் கைவரிசை இருப்பதைக் கண்டறிவதே நோக்கம். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப்படுபவர், ராக்கெட்டுக்கு வருமுன் விண்கதிர் எண்ணிக்கொண்டிருந்தவர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1963 நவம்பரில் தும்பாவில் முதல் ராக்கெட் பறந்ததற்கும் காரணம் காந்த நடுவரைதான்.

ஜவ்வாதுக்கு வடமேற்கே கோலார் தங்கவயல். 1950களின் தொடக்கத்தில் பி. வி. ஸ்ரீகண்டன் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கி, எந்த ஆழம் வரை மியூவான்கள் எட்டுகின்றன என்று அளந்தார். இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, மற்ற எல்லாமே பாறையில் நின்றுவிட்ட இடத்தில், 1965இல் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் கிடைத்தது. உதகையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின், துகள்களின் தடத்தைக் காட்டும் மேகக்கூண்டு அமைந்தது. விண்கதிர் என்ற ஒரே பொருளைச் சுரங்க ஆழத்திலும் மலை உச்சியிலும் பலூன் உயரத்திலும் ஒருசேர அளக்கும் வசதி, சில நூறு கிலோமீட்டருக்குள் தென்னிந்தியாவில் அமைந்துவிட்டது.

காவலூரின் கதை இங்கேதான் சேர்கிறது. 1960இல் கொடைக்கானல் இயக்குநராகப் பொறுப்பேற்ற மணலி கல்லாட் வைணு பாப்பு விண்மீன் ஆய்வாளர். பகலில் சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் பொருத்தமான இடம். இரவில் பார்க்க மேகமும் ஈரமும் இடைஞ்சல். தெற்கு வானம் நன்றாகத் தெரிய வேண்டும், ஊர் வெளிச்சம் எட்டக் கூடாது, இரு பருவமழைகளுக்கும் இடையே தெளிந்த இரவுகள் வேண்டும். தேடி அலைந்து அவர் தேர்ந்தெடுத்த இடம் ஜவ்வாது மலைக் காடு. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் வேலை தொடங்கியது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி மலையேறியது.

அது வந்து சேர்ந்த சூட்டோடு கிடைத்த பலன் கதிர்வீச்சு வரலாற்றோடு எதிர்பாராத விதத்தில் பிணைந்தது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் மிகப் பெரிய நிலவான கானிமீடு, மங்கலான ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதைக் கவனித்தார்கள். கேட்க எளிய வேலை, செய்யக் கடினம். ஒளிமின்குழாயில் விழும் வெளிச்சத்தை இடைவிடாமல் பதிய வேண்டும். மறைக்கும் பொருளுக்குக் காற்றே இல்லையென்றால் விண்மீன் சட்டென்று அணையும்; காற்று இருந்தால் ஒளி விளிம்பில் படிப்படியாக மங்கும். மங்கலின் சாயல் தெரிந்தது. கானிமீடுக்கு மெல்லிய காற்று உண்டு என்ற முடிவு 1973இல் வெளியானது.

வாயேஜர் கலங்கள் 1979இல் வியாழனைக் கடந்தபோது, அந்தக் காற்று காவலூர்க் கணக்கைவிட மிக மிக மெல்லியது என்று தெரிந்தது. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜனின் அடையாளத்தைக் கண்டது. கலிலியோ கலம் கானிமீடுக்குச் சொந்தக் காந்தப்புலம் இருப்பதைக் கண்டது. சூரியக் குடும்ப நிலவுகளில் அப்படி ஒன்று வேறெதற்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஆக்சிஜன் வந்த வழிதான் விஷயம். வியாழனின் கதிர்வீச்சுப் பட்டைகள் பூமியுடையதைவிடப் பல மடங்கு வலியவை. அவற்றின் துகள்கள் நிலவின் பனித்தரையை இடைவிடாமல் அறைந்து நீரைப் பிளக்கின்றன. காற்று பிறப்பது அதனால்தான். பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு ஒன்றின்படி, வியாழனின் இன்னொரு நிலவான யூரோப்பாவின் தரையில் நிற்பவர் ஒரே நாளில் 5,000 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் கதிரளவு வாங்குவார். அது உயிரைப் பறிக்கும் அளவு. கானிமீடில் நாளுக்கு 80 மில்லிசீவெர்ட் அளவே. 2023 ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய ஜூஸ் கலம் கானிமீடை நோக்கித்தான் போகிறது. வழிநெடுகக் கதிர்வீச்சை அளக்க அதில் தனிக் கருவி இருக்கிறது.

அதே 1972 வேறொரு காரணத்தாலும் நினைவில் நிற்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் சீறிப் புரோட்டான்களைக் கொட்டியது. அப்பல்லோ-16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்பல்லோ-17 டிசம்பரில் புறப்பட இருந்தது. அந்த நாட்களில் நிலவுத் தரையில் விண்வெளி உடையோடு மட்டும் யாராவது நடந்திருந்தால் கதிர்நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பார் என்றே பிற்காலக் கணக்குகள் கூறுகின்றன. அதற்கு முன் 1956 பிப்ரவரி 23 அன்று நடந்த சூரியச் சீற்றத்தின் துகள்கள் காந்தக் கவசத்தையும் மீறி நடுவரை நாடுகளின் கருவிகளில்கூடப் பதிந்திருந்தன. சூரியனுக்கு அந்த அளவு பலம் உண்டு என்பது அப்போதே தெரிந்த செய்தி. அப்பல்லோ வீரர்கள் தப்பித்ததில் திட்டமிடலுக்கு உள்ள பங்கைவிட அதிர்ஷ்டத்துக்கு உள்ள பங்கு பெரிது.

சூரியன் இன்னும் எவ்வளவு மோசமாகச் சீறக் கூடும்? ஒரு நூற்றாண்டுப் பதிவேட்டை வைத்து இதற்குப் பதில் சொல்வது கடினம். சூரியனைப் போன்ற பல விண்மீன்களைப் பார்ப்பது ஒரு வழி. பாப்பு இந்தத் துறைக்குப் புதியவர் அல்ல. ஆலின் வில்சனுடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானலில் சூரியனைப் படமெடுத்த அதே கால்சியம் ‘கே’ கோட்டைப் பற்றியதே. விண்மீனின் உண்மைப் பிரகாசத்துக்கும் அந்தக் கோட்டின் அகலத்துக்கும் உள்ள உறவு அவர்கள் இருவர் பெயராலும் வழங்குகிறது. காவலூரின் சிறிய தொலைநோக்கிகளில் பின்னர் பல ஆண்டுகள் நடந்த ஒரு வேலை, கரும்புள்ளி விண்மீன்களை ஒளியளத்தல். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் மூடும் பரப்பு அற்பம். இந்த விண்மீன்களிலோ முகத்தின் கணிசமான பங்கையே புள்ளிகள் மூடிவிடும். விண்மீன் சுழலும்போது அதன் வெளிச்சம் கூடிக் குறைவது கருவியில் தெளிவாகத் தெரியும். அப்படிப்பட்ட விண்மீன்களின் சீற்றங்களோடு ஒப்பிட்டால் சூரியன் சாது.

1982 ஆகஸ்டில் பாப்பு மியூனிக்கில் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. அதன் ஆடி பெங்களூரில் இந்திய வானியற்பியல் கழகத்திலேயே தீட்டப்பட்டது. தாங்கும் கட்டமைப்பை வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

புகைப்படத் தகடுகள் போய் மின்னணு உணரிகள் வந்தபோது காவலூரிலும் ஒரு பழைய விருந்தாளி வெளிப்பட்டார். சிசிடி எனப்படும் உணரிச் சில்லு ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்துவைக்கும். மங்கலான விண்மீனின் நிறமாலை வேண்டுமென்றால் அரைமணி நேரம் திறந்துவைக்க வேண்டும். படத்தைத் திரையில் விரித்தால், இருக்கக் கூடாத இடங்களில் கூர்மையான வெள்ளைப் புள்ளிகள், சில இடங்களில் நகக்கீறல் போலக் கோடுகள். விண்மீனின் பிம்பம் காற்றின் அலைச்சலால் சற்றே பரந்திருக்கும். இந்தப் புள்ளிகளோ ஒன்றிரண்டு படப்புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். மியூவான் ஒன்று குவிமாடத்தையும் கருவியையும் கடந்து சில்லைத் துளைத்துப் போனதன் தடம் அது. சுற்றியுள்ள கண்ணாடியிலும் பாறையிலும் இருக்கும் இயற்கைக் கதிரியக்கமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். வானியலாளருக்கு இது அழுக்கு. ஒரே பகுதியை மூன்று முறை எடுத்து, ஒன்றில் மட்டும் இருப்பதை நீக்கிவிடுவது வழக்கம். காவலூரில் துடைத்தெறியப்படும் இந்தப் புள்ளிகளை எண்ணுவதற்கென்றே உதகையில் ஒரு நிலையம் இருக்கிறது.

கிரேப்ஸ்-3 என்ற அந்த நிலையம் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அமைத்தது. மலைச்சரிவில் ஏறக்குறைய 400 மினுக்க உணரிகள் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. அருகே, இரண்டு மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டின் அடியில் மியூவான் தொலைநோக்கி. தொலைநோக்கி என்று பெயர் இருந்தாலும் அதில் கண்ணாடியே கிடையாது. ஆறு மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் பக்கமும் உள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712, நான்கு அடுக்குகளாக, ஓர் அடுக்குக்கு அடுத்தது குறுக்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குழாயின் நடுவிலும் மெல்லிய கம்பி. சுற்றிலும் ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு. மியூவான் குழாயைக் கடந்தால் வாயுவில் மின்துகள்கள் சிதறிக் கம்பிக்கு ஓடும். ஒரு துடிப்பு பதிவாகும். நான்கு அடுக்குகளிலும் எந்தெந்தக் குழாய் துடித்தது என்பதைச் சேர்த்தால் துகள் வந்த திசை கிடைக்கும். வானத்தை 169 திசைகளாகப் பிரித்து, நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை இது எண்ணுகிறது. எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம்கூடக் கண்ணில் படுகிறது.

2015 ஜூன் 22 அன்று சூரியன் உமிழ்ந்த காந்த மேகம் ஒன்று பூமியை மோதியது. கடுமையான காந்தப் புயல் எழுந்தது. உயர் அட்சக்கோடுகளில் துருவ ஒளி ஆடியது, பல இடங்களில் வானொலித் தொடர்பு அறுந்தது. உதகையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. சூரிய மேகம் வந்தால் விண்கதிர் குறைவதே வழக்கம், ஏனெனில் மேகத்தின் காந்தமே வெளியிலிருந்து வருபவற்றை விரட்டும். ஆனால் அந்தத் தணிவின் நடுவே சுமார் இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை ஏறி இறங்கியது. சதவீதக் கணக்கில் சிறிய ஏற்றம்; கிரேப்ஸ்-3 போன்ற பெரிய கருவி இல்லையென்றால் இரைச்சலோடு இரைச்சலாகப் போயிருக்கும். ஆய்வுக்குழு 2016இல் வெளியிட்ட விளக்கம் இது: மேகத்தின் காந்தப்புலம் பூமியின் புலத்துக்கு எதிர்த்திசையில் இருந்ததால் கவசம் சற்று நேரம் தளர்ந்தது, வழக்கமாக வாசலில் திருப்பி அனுப்பப்படும் 20 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான துகள்கள் உள்ளே நுழைந்தன. உலகின் மிகத் தடித்த காந்தக் கவசத்தின் அடியில் நடந்த அளவை என்பதே இதன் பெறுமதி. துருவப் பகுதியில் குறைந்த ஆற்றல் துகள்கள் எப்போதும் வந்துகொண்டே இருப்பதால் இப்படியொரு தளர்ச்சியைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

எண்ணுவது ஒரு வேலை. அந்த எண்ணிக்கை மனித உடலுக்கு என்ன செய்யும் என்று கணிப்பது வேறு வேலை. இதில் விண்வெளித் துறை, அணுமின் நிலையங்களின் வழக்கங்களைக் கடன் வாங்கியது. கல்பாக்கம் போன்ற இடங்களில் ஊழியர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் அட்டைக்குள் டிஸ்புரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட் வில்லைகள் இருக்கும். கதிர்பட்டால் வில்லை அந்த ஆற்றலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாக விடும். ஒளியின் அளவே அவர் வாங்கிய கதிரளவு. இந்தியாவில் கதிர்ப்பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவெர்ட்டும் உச்சவரம்பு. பொதுமக்கள் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட், மோனசைட் மணல் படிந்த மணவாளக்குறிச்சி, கொல்லம் கடற்கரைகளில் அதைவிடக் கூடுதல். இவற்றோடு ஒப்பிட்டால்தான் விண்வெளி எண்கள் உறைக்கும்.

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சல்யூட்-7 விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த பயணத்தில் ஏறத்தாழ எட்டு நாட்கள் விண்வெளியில் இருந்தார். அது காந்தக் கவசத்துக்குள்ளேயே சுற்றும் பாதை. சர்வதேச விண்வெளி நிலையமும் அப்படியே. அங்கு நாளொன்றுக்கு அரை மில்லிசீவெர்ட்டை ஒட்டிய அளவு கிடைக்கிறது. கவசத்தைத் தாண்டியபின் நிலைமை என்ன என்பதை இந்தியக் கலம் ஒன்று முதலில் அளந்தது 2008இல். அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1இல் பல்கேரிய அறிவியல் கழகம் தந்த ரேடம் என்ற சிறு கருவி இருந்தது. பூமியின் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கும்போதும், நிலவை 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும்போதும் அது இயங்கியது. நிலவைச் சுற்றுகையில் அது கண்டது மணிக்கு ஏறத்தாழ 9 முதல் 10 மைக்ரோகிரே (கிரே என்பது பொருள் உறிஞ்சும் கதிராற்றலின் அலகு). சூரியன் அசாதாரணமாக அமைதியாக இருந்த காலம் அது. எனவே அந்த அளவு பெரும்பாலும் சூரியக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து வரும் விண்மீன்வெளிக் கதிர்களுடையது.

நிலவின் தரையிலேயே அளந்தது சீனாவின் சாங்-இ-4: நாளொன்றுக்குச் சுமார் 1.37 மில்லிசீவெர்ட். செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி பயணத்தின்போது கலத்துக்குள் பதிந்தது நாளுக்கு 1.84 மில்லிசீவெர்ட், செவ்வாயின் தரையில் 0.64. போகவர ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால் பயணத்துக்கு மட்டும் 660 மில்லிசீவெர்ட்டுக்குப் பக்கம் வரும். கல்பாக்கத்து ஊழியர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்ட வரம்பைத் தொட்டுக்கொண்டே வேலை செய்தாலொழிய எட்டாத அளவு அது. நாசா தன் வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600.

கொடைக்கானல் மரபு இப்போது பூமியை விட்டே வெளியேறியிருக்கிறது. தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் சாஜி திட்ட இயக்குநராக இருந்து வழிநடத்திய ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. ஏழு கருவிகளில் முதன்மையான ஒளிவட்ட வரைவி, காவலூர் நிலையத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் கழகம் ஓசக்கோட்டை வளாகத்தில் உருவாக்கியது. துகள்களை எண்ணும் ஆஸ்பெக்ஸ் கருவி, சாராபாய் நிறுவிய அகமதாபாத் ஆய்வகத்தின் ஆக்கம். கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, 50,000 கிலோமீட்டருக்கு அப்பால் அதன் ஒரு பகுதி எண்ணத் தொடங்கிவிட்டது. 2024 மே மாதம் இருபதாண்டுகளில் காணாத காந்தப் புயல் வீசியபோது ஆதித்யா அதைப் பதிவு செய்தது. லடாக்கின் ஹான்லேயில் இந்திய வானியற்பியல் கழகத்தின் படக்கருவிகள் வானத்தில் சிவப்பு ஒளியைக் கண்டன.

ஆதித்யா நிற்கும் இடத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைக் காந்த மேகம் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். எனவே அங்கே துகள் கருவி எழுப்பும் எச்சரிக்கை மின்கட்டமைப்பை இயக்குவோருக்கு உதவும். கவசத்துக்கு வெளியே இருக்கும் விண்வெளி வீரருக்கு அது போதாது. சீற்றத்தில் முடுக்கப்பட்ட புரோட்டான்கள் சூரியனிலிருந்தே சில பத்து நிமிடங்களில் வந்துவிடும். அதனால்தான் மேகம் கிளம்பும் இடத்திலேயே, சூரிய விளிம்பை ஒட்டி அதைப் பிடிக்க ஒளிவட்ட வரைவி. இதிலும் காவலூரின் பழைய தொல்லை பெரிதாகத் திரும்பி வருகிறது. 2000 ஜூலை 14 அன்று சூரியனைக் கவனிக்கும் சோஹோ விண்கலத்தின் ஒளிவட்டப் படங்கள் புரோட்டான்களின் தாக்குதலால் பனிப்புயல் அடித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகளால் நிரம்பின. படம் மிக அவசியமான நேரத்தில் படம் கெட்டுப்போகிறது. மூன்று படம் எடுத்துக் கழிக்கும் இரவு வழக்கம், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் சூரியனிடம் அப்படியே செல்லாது. கலத்திலேயே பொருத்தமான வடிகட்டும் முறைகள் வேண்டியிருக்கின்றன.

சூரியத் துகள்களுக்குப் பரிகாரம் ஓரளவு உண்டு. முன்னறிவிப்புக் கிடைத்தால் வீரர்கள் கலத்தில் தண்ணீரும் உணவும் அடுக்கிய பகுதிக்குள் ஒதுங்கலாம். ஹைட்ரஜன் நிறைந்த பொருள்கள் புரோட்டானை நன்றாகத் தடுக்கும். 2022 நவம்பரில் நிலவைச் சுற்றி வந்த ஆர்ட்டெமிஸ்-1இல் பொம்மை உடல்களுக்குள் உணரிகளைப் பொதித்து, பாதுகாப்பு உடையின் பயனைச் சோதித்தார்கள். விண்மீன்வெளிக் கதிர்களுக்கு அப்படி எளிய வழி இல்லை. அவற்றின் ஆற்றல் அதிகம். மெல்லிய உலோகச் சுவரில் மோதினால் இன்னும் பல துகள்களாகச் சிதறி உள்ளே வரும். சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அதன் காந்தம் அவற்றை ஓரளவு விரட்டுவதால் அவை குறையும், ஆனால் அப்போது சூரியச் சீற்றம் கூடும். சூரியன் தூங்கும் ஆண்டுகளில் சீற்றம் குறையும், இவை கூடும். நீண்ட பயணத்துக்கு உச்ச ஆண்டுகளே மேல் என்று சில கணக்குகள் சொல்கின்றன, சூரியச் சீற்றத்துக்காவது ஒதுங்குமிடம் அமைத்துக்கொள்ளலாம் என்பதால். அந்தக் கணக்கைப் போட இரண்டு பதிவேடுகள் தேவை: சூரியன் பதினோராண்டுச் சுழற்சியில் எப்படி நடந்துகொள்கிறது என்பது ஒன்று, அதற்கேற்ப விண்கதிர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது மற்றொன்று. முதலாவது கொடைக்கானலின் தகடுகளில் ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இரண்டாவது உதகையின் இரும்புக் குழாய்களில் நாள்தோறும் கூடிக்கொண்டிருக்கிறது.